படிவத்திலிருந்து தரவுத்தளம்வரை: ஒரு பதிவும் தொலையாமல், ஒரு பதிவும் இரட்டிக்காமல்

ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழா நெருங்கினால் சிங்கப்பூரில் எத்தனையோ அமைப்புகள் கூகல் ஃபார்ம் திறக்கின்றன. கதை சொல்லும் போட்டி, பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டி என்று இணைப்புகள் வாட்ஸ்அப் குழுக்களில் பறக்கின்றன. பெற்றோர் எம்ஆர்டியில் நின்றுகொண்டே நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். மறுமுனையில் ஒரு தொண்டூழியர் வேலை முடிந்து வீடு திரும்பி, இரவு 11 மணிக்குப் பதில்கள் சேரும் கூகல் ஷீட்டிலிருந்து வரிவரியாகப் படியெடுத்து அமைப்பின் தரவுத்தளத்தில் ஒட்டிக்கொண்டிருப்பார். அந்த ஒட்டும் வேலையைத் தானியக்கமாக்குவது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

இணைப்பை மட்டும் போடுவதென்றால் அரைமணி நேரம் போதும். பிறகு முளைக்கும் கோளாறுகள் மூன்று வகை. வராமலே போன பதிவு, இரண்டுமுறை வந்த பதிவு, வந்தும் உருமாறிப்போன பதிவு. போட்டியன்று காலை மேசையருகே வந்து நிற்கும் தொடக்கநிலை 2 மாணவியின் பெயர் பட்டியலில் இல்லையென்றால், அந்தப் பிள்ளையிடம் சர்வர் பதில் தரவில்லை என்று சொல்லமுடியாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஒன்றைத் தடுக்கத்தான்.

நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது: கூகல் ஃபார்ம், அதோடு கட்டிய ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகல் கருவிகளுக்குள்ளேயே எழுதும் சிறு நிரல்), போஸ்ட்கிரெஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு தரவுத்தளம். சர்வரைப் பராமரிக்க ஆளில்லாத அமைப்புக்கு, போஸ்ட்கிரெஸை இணையத்தில் நடத்தித் தரும் சுப்பாபேஸ் போன்ற சேவை போதும். ப்ராஜெக்ட் தொடங்கும்போதே வட்டாரம் கேட்கும். சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள், பின்னால் மாற்ற நினைத்தால் புதிதாகக் கட்டிக் குடிபெயரத்தான் வேண்டும். அதன் இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் அசைவே இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் நிறுத்திவைக்கப்படும். ஜனவரியில் கட்டி முடித்துவிட்டு மார்ச்சில் படிவத்தைத் திறப்பவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்வது இதில்தான்.

டிரிகரை எங்கே கட்டுவது?

பதில் வந்ததும் ஸ்கிரிப்டைத் தானாக ஓடவைப்பதுதான் டிரிகர். பெரும்பாலான வழிகாட்டிகள் படிவத்தை ஒரு ஷீட்டோடு இணைத்து, அந்த ஷீட்டில் ஸ்கிரிப்ட் எழுதச் சொல்கின்றன. அப்படிச் செய்யாதீர்கள். படிவத்தின் திருத்தப் பக்கத்தில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் திறந்து, ஸ்கிரிப்டைப் படிவத்தோடேயே கட்டுங்கள்.

ஷீட்டில் கட்டிய டிரிகருக்கு விடைகள் கேள்வியின் தலைப்பைச் சாவியாக வைத்து வருகின்றன. 'பிள்ளையின் வயது' என்ற தலைப்பை யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு 'மாணவரின் வயது' என்று மாற்றிய அந்தக் கணமே உங்கள் ஸ்கிரிப்டுக்கு வயது கிடைக்காது. பிழைச் செய்திகூட வராமல் வெற்று மதிப்பு போய் உட்காரலாம். தலைப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஓர் இடைவெளிகூட இதைச் செய்யும். பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியென்றால், தேர்ந்தெடுத்தவை எல்லாம் காற்புள்ளியிட்ட ஒரே சரமாக வரும். விடையிலேயே 'சனி, காலை 9.30' என்று காற்புள்ளி இருந்தால் பிரிக்கும்போது ஒன்று இரண்டாகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஷீட் டிரிகரில் பதிலுக்கென்று தனி அடையாள எண் கிடையாது.

படிவத்தில் கட்டிய டிரிகரில் இந்த மூன்றும் தீர்ந்துவிடும். ஒவ்வொரு பதிலுக்கும் மாறாத ஓர் அடையாள எண் கிடைக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் தலைப்பைச் சாராத ஓர் எண் இருக்கிறது. பல்தேர்வு விடைகள் பட்டியலாகவே வருகின்றன. முதல் வேலையாக, படிவத்தின் எல்லாக் கேள்விகளையும் சுற்றிவந்து அவற்றின் எண்ணையும் தலைப்பையும் அச்சிடும் ஐந்து வரி ஃபங்ஷன் (தனிப்பெயர் கொண்ட நிரல் துண்டு) ஒன்றை எழுதி ஒருமுறை ஓட்டுங்கள். வரும் எண்களை எடுத்து 'இந்த எண் வயது, அந்த எண் அஞ்சல் குறியீடு' என்று ஸ்கிரிப்டின் தலையில் ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். விடைகள் வரும் வரிசையை நம்பி எதையும் எழுதவேண்டாம், நிரப்பாமல் விட்ட கேள்வி பட்டியலிலேயே இல்லாமல் போகலாம்.

தேர்வு விடைகளுக்கும் இதே கவனம் வேண்டும். '1. சனிக்கிழமை காலை', '2. ஞாயிற்றுக்கிழமை மாலை' என்று முன்னால் எண் கொடுத்து, தரவுத்தளத்தில் அந்த எண்ணை மட்டும் வையுங்கள். நடுவில் யாராவது சொற்களைத் திருத்தினாலும் பழைய பதிவும் புதிய பதிவும் ஒரே குழுவில் நிற்கும்.

டிரிகரை உருவாக்க, இடப்பக்கத்துக் கடிகாரச் சின்னத்தைத் தட்டி, ஃபங்ஷனைத் தேர்ந்தெடுத்து, மூலம் 'படிவம்', நிகழ்வு 'படிவம் சமர்ப்பிக்கும்போது' என்று வையுங்கள். தோல்வி அறிவிப்பு தானாக 'தினமும்' என்றிருக்கும், அதை 'உடனடியாக' என்று மாற்றிவிடுங்கள். அதே பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ஒரே டிரிகர் இரண்டுமுறை பதிவாகியிருக்கிறதா? இரட்டைப் பதிவுக்கு அதுவே வழக்கமான காரணம். மற்றொன்று, எந்தக் கணக்கில் உருவாக்குகிறீர்கள்? டிரிகர் அதை உருவாக்கியவரின் கணக்கில்தான் ஓடும். செயலவை மாறி, பழைய செயலாளரின் கணக்கு மூடப்பட்டால் டிரிகரும் நின்றுவிடும், படிவமோ ஒன்றுமே நடக்காததுபோல் பதில்களை வாங்கிக்கொண்டே இருக்கும். அமைப்பின் பெயரில் ஒரு பொதுக் கணக்கு வைத்து அதிலேயே கட்டுவது நல்லது.

முதலில் வந்தது வந்தபடி

தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகள் வேண்டும். முதலாவதை வரவு அட்டவணை என்று வைத்துக்கொள்வோம். அதில் பதில் எண் டெக்ஸ்ட் வகை, அதுவே பிரைமரி கீ, அதாவது ஒரே எண் இரண்டுமுறை நுழையமுடியாத முதன்மைச் சாவி. பிறகு படிவ எண், சமர்ப்பித்த நேரம், வந்துசேர்ந்த நேரம், விடைகள் முழுவதும் ஜேசன்-பி வகையில் (பெயரும் மதிப்புமாக எழுதும் ஜேசன் வடிவத்தைச் சேமிக்கும் வகை) ஒரே பத்தியில் (நெடுவரிசையில்), பிழைக்குறிப்புக்கு ஒரு பத்தி. அவ்வளவுதான். இந்த அட்டவணை எதையும் சரிபார்க்காது, எதையும் திருப்பி அனுப்பாது. பெற்றோர் தொலைபேசி எண்ணுக்குப் பதில் 'வாட்ஸ்அப் மட்டும்' என்று எழுதியிருந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது பதிவு அட்டவணை. பெயர், வகுப்பு நிலை, அஞ்சல் குறியீடு, பிரிவு என்று ஒவ்வொன்றும் தனிப்பத்தியில், கட்டுப்பாடுகளோடு. வரவிலிருந்து இதற்கு மாற்றும் வேலையைத் தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு எஸ்கியூஎல் (தரவுத்தள வினவல் மொழி) ஃபங்ஷனாக எழுதி, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் பிஜி-கிரான் நீட்சியால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுங்கள்.

வரவு அட்டவணையிலேயே, வரி சேரும்போது ஓடும் ஓர் இன்சர்ட் டிரிகர் வைத்து உடனுக்குடன் மாற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த டிரிகருக்குள் பிழை நேர்ந்தால் போஸ்ட்கிரெஸ் மொத்தப் பரிவர்த்தனையையும் பின்வாங்கும். சரிபார்ப்பில் தவறிய பதிவைக் காப்பாற்றத்தான் வரவு அட்டவணையே வைத்தோம், அதே பதிவு வரவிலும் இல்லாமல் போகும். மாற்றும் ஃபங்ஷனிலும் ஒவ்வொரு வரியையும், பிழையைப் பிடித்துக்கொள்ளும் தனித்தனி எக்செப்ஷன் பிளாக்கில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கெட்ட வரி அதன் பின்னால் நிற்கும் அத்தனை நல்ல வரிகளையும் மறித்துவிடும். பிழையானால் பிழைச்செய்தியைக் குறிப்புப் பத்தியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகட்டும்.

அனுப்பும் ஸ்கிரிப்ட்

சுப்பாபேஸ் ஒவ்வோர் அட்டவணைக்கும் ஓர் இணைய முகவரி தருகிறது, ஸ்கிரிப்ட் அங்கே ஜேசனாக ஒரு போஸ்ட் கோரிக்கை (தரவைச் சேர்க்கச் சொல்லும் இணையக் கோரிக்கை) அனுப்பினால் போதும். அங்கே நுழைய இரண்டு வகைச் சாவி கிடைக்கும். முழு அதிகாரச் சாவி, எந்த வரியை யார் தொடலாம் என்று சொல்லும் வரிநிலைப் பாதுகாப்பு விதிகளைத் தாண்டிச் செல்லும், அதை ஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். பொதுச் சாவியைப் பயன்படுத்தி, வரவு, பதிவு அட்டவணைகள் இரண்டிலும் வரிநிலைப் பாதுகாப்பை இயக்கி, வரவில் சேர்க்க மட்டும் அனுமதிக்கும் ஒரே ஒரு விதி எழுதுங்கள். சாவி வெளியே கசிந்தாலும் குப்பை வரி சேர்க்கலாமே தவிர ஒரு பிள்ளையின் விவரத்தையும் படிக்கமுடியாது. சாவியை ஸ்கிரிப்ட் வரிகளுக்குள் எழுதாமல் ஸ்கிரிப்ட் ப்ராபர்டீஸ் என்ற தனி அமைப்புப் பகுதியில் வையுங்கள். படிக்கும் அனுமதி இல்லாததால், சேர்த்த வரியைத் திருப்பித் தரும்படி கேட்டால் கோரிக்கையே தவறும். கோரிக்கையோடு போகும் ப்ரிஃபர் ஹெடர் என்ற குறிப்பில் 'ரிட்டர்ன் மினிமல்' என்று கொடுத்துவிடுங்கள்.

ஆப்ஸ் ஸ்கிரிப்டில் கோரிக்கையை அனுப்பும் யூஆர்எல்-ஃபெட்ச், 400 அல்லது அதற்கு மேற்பட்ட நிலைக்குறியீடு (சர்வர் திருப்பித் தரும் முடிவு எண்) வந்தால் தானாகவே பிழை எழுப்பி நின்றுவிடும். குறியீட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டுமென்றால் 'மியூட் எச்டிடிபி எக்செப்ஷன்ஸ்' என்பதை ட்ரூ ஆக்கவேண்டும். அதை ட்ரூ ஆக்கிவிட்டுக் குறியீட்டைப் பார்க்காமல் விடுவது மிகவும் ஆபத்தான தவறு. எந்தப் பதிவும் சேராது, எந்த மின்னஞ்சலும் வராது, ஓட்டப் பட்டியலில் எல்லாமே 'முடிந்தது' என்று காட்டும்.

குறியீட்டைப் படிக்கும் முறை: 201 வந்தால் சேர்ந்துவிட்டது. 409 வந்தால் அந்தப் பதில் எண் ஏற்கெனவே இருக்கிறது, இதையும் வெற்றியாகவே கொள்ளுங்கள். 429 (கோரிக்கைகள் அளவுக்கு மீறின), அல்லது 500உம் அதற்கு மேற்பட்டதும் (சர்வர் கோளாறு) வந்தால் 2, 4, 8 விநாடி என்று இடைவெளி விட்டு மூன்றுமுறை முயன்றுபாருங்கள், அப்போதும் முடியாவிட்டால் நீங்களே பிழை எழுப்புங்கள், கூகல் மின்னஞ்சல் அனுப்பும். 400, 401 போன்றவற்றில் மறுமுயற்சி வீண், உடனே பிழை எழுப்புங்கள். அனுப்பிய வடிவத்திலோ சாவியிலோ தவறு இருக்கிறது.

409ஐ வெற்றியாக எடுத்துக்கொள்வதில்தான் முழு அமைப்பின் உறுதியும் இருக்கிறது. ஸ்கிரிப்ட் அனுப்பியது, தரவுத்தளம் எழுதியது, பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்டுக்குத் தோல்வி, தரவுத்தளத்துக்கு வெற்றி. மறுபடி அனுப்பினால் இரட்டிக்குமோ என்ற அச்சம் பதில் எண் பிரைமரி கீயாக இருக்கும்போது தேவையில்லை. எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே வரிதான் நிற்கும்.

அந்தத் துணிவோடு ஓர் இரவுச் சுற்றை வைக்கலாம். அதிகாலை 2 மணிக்கு நேர டிரிகர் ஒன்று ஓடி, கடந்த 3 நாள் பதில்கள் அனைத்தையும் படிவத்திலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி அனுப்பட்டும். பகலில் தரவுத்தளம் ஒரு மணி நேரம் படுத்திருந்தாலும் விடிவதற்குள் எல்லாம் சேர்ந்துவிடும். ஆப்ஸ் ஸ்கிரிப்டின் ஓர் ஓட்டத்துக்கு 6 நிமிட வரம்பு உண்டு. ஒரு கோரிக்கைக்கு அரை விநாடி என்று கணக்கிட்டால் 720 பதில்கள் வரை அடங்கும், பள்ளி மாணவர் போட்டிக்கு அது தாராளம். கட்டுக்கட்டாக அனுப்பி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். கட்டில் ஒன்று ஏற்கெனவே இருந்தால் மொத்தக் கட்டும் திரும்பிவரும். அதே சுற்றின் கடைசியில், படிவத்தில் இருக்கும் மொத்தப் பதில் எண்ணிக்கையை ஒரு சிறு அட்டவணையில் எழுதுங்கள். அதையும் வரவு அட்டவணையின் வரி எண்ணிக்கையையும் ஒப்பிடும் ஒரே ஓர் எஸ்கியூஎல் வரி, ஏதாவது தொலைந்திருந்தால் மறுநாள் காலையிலேயே சொல்லிவிடும்.

சமர்ப்பித்தபின் திருத்தும் வசதி படிவத்தில் இயல்பாகவே மூடியிருக்கும், அப்படியே இருக்கட்டும். திறந்தால் அதே பதில் எண்ணில் புது விவரம் வரும், மேலே சொன்ன முறையில் அது 409 ஆகி ஒதுக்கப்பட்டுவிடும். திருத்தம் வேண்டும் பெற்றோர் புதிதாக நிரப்பட்டும், பதிவு அட்டவணையில் பிந்தியது நிற்கும்படி செய்துகொள்ளலாம்.

பெயரும் எண்ணும் உருமாறாமல்

சிங்கப்பூர்த் தமிழர் பெயரை 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு பெட்டிகளில் அடைக்காதீர்கள். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயருக்கு ஒரே பெட்டி. அதில் எஸ்/ஓ, டி/ஓ வரும், சாய்கோடு பெயரின் பகுதிதான், அதை நீக்கக்கூடாது. ஆனால் சான்றிதழ்க் கோப்புகளைத் தானாக உருவாக்கி, மாணவர் பெயரையே கோப்புப் பெயராக வைத்தால் அந்தச் சாய்கோடு கோப்புறைப் பிரிப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டு, கோப்பு வேறெங்கோ போகும் அல்லது உருவாகவே உருவாகாது. கோப்புக்குப் பதில் எண்ணையே பெயராக வையுங்கள்.

சான்றிதழ் தமிழில் என்றால், தமிழில் பெயர் எழுத இன்னொரு பெட்டி வேண்டும். ஆங்கில எழுத்திலிருந்து இயந்திரத்தால் தமிழுக்கு மாற்ற முயலவேண்டாம். ஷர்மிளாவா சர்மிளாவா, ரவியா இரவியா என்பதைப் பெற்றோர்தான் சொல்லவேண்டும். பிள்ளை ஆண்டுக்கணக்கில் சுவரில் மாட்டி வைக்கப்போகும் தாள் அது.

தமிழ் எழுத்தைச் சேமிப்பதில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு சிக்கல்கள் உண்டு. 'கொற்றவை' என்ற பெயரின் முதலெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 'கொ'வை ககரம், ஒகரக் குறி என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இதற்கு மருந்து எளிது: சேமிக்கும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே முறையில் எழுதும் யூனிகோடு ஒழுங்கு) மாற்றுங்கள். ஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற செயற்கூறு இதைச் செய்யும், போஸ்ட்கிரெஸிலும் 13ஆம் பதிப்பிலிருந்து அதே பெயரில் இருக்கிறது.

இரண்டாவது சிக்கலுக்கு மருந்து இல்லை, கண்தான் வேண்டும். 'கௌதம்' என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்பும் ககரமும் ளகரமும் தட்டி 'கெளதம்' என்று எழுதிவிடுவார்கள். யூனிகோடுக்கு இவை வேறுவேறு சொற்கள், என்எஃப்சி இதைத் தொடாது. எல்லாவற்றையும் தேடி மாற்றிவிடலாம் என்றால் 'கெளுத்தி' போன்ற சரியான சொல்லும் உடைந்துபோகும். ஒற்றைக்கொம்புக்கு அடுத்து ளகரம் வரும் பெயர்களை மட்டும் பட்டியலிட்டு, சான்றிதழ் அச்சிடும் முன் ஒருவர் படித்துப் பார்ப்பதே வழி.

போஸ்ட்கிரெஸுக்குப் பதில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் யூடிஎஃப்8 என்ற பழைய எழுத்துக்குறியாக்கம் ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஒரு பாட்டி குறிப்புப் பெட்டியில் கைகூப்பும் இமோஜி ஒன்றைப் போட்டதும் 4 பைட் வந்து, பதிவே மறுக்கப்படும். யூடிஎஃப்8-எம்பி4 என்பதையே எப்போதும் தேர்ந்தெடுங்கள்.

அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம், ஆனால் அது எண் அல்ல. மரினா பே சேண்ட்ஸின் குறியீடு 018956. இன்டிஜர் (முழு எண்) பத்தியில் வைத்தால் 18956 ஆகிவிடும், எக்செலில் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) திறந்து சேமித்தாலும் அதே கதிதான். டெக்ஸ்ட் வகையாக வைத்து, ஆறு இலக்கம்தானா என்று மட்டும் சரிபாருங்கள்.

தொலைபேசி எண்ணும் டெக்ஸ்ட்தான். உள்ளூர் எண் எட்டு இலக்கம், கைத்தொலைபேசி 8 அல்லது 9இல் தொடங்கும். மக்கள் இடைவெளியோடும், கூட்டல்குறி 65 சேர்த்தும், சேர்க்காமலும் எழுதுவார்கள். இலக்கமல்லாதவற்றை நீக்கியபின், மொத்தம் 10 இலக்கமாகவும் 65இல் தொடங்குவதாகவும் இருந்தால் மட்டும் முன்னாலிருக்கும் 65ஐ வெட்டுங்கள். நீளத்தைப் பார்க்காமல் வெட்டினால், 65இல் தொடங்கும் எட்டு இலக்க வீட்டுத் தொலைபேசி எண் ஆறு இலக்கமாகிவிடும். ஜொகூரிலிருந்து வரும் குடும்பங்கள் 60இல் தொடங்கும் மலேசிய எண்ணைக் கொடுப்பார்கள், அதைப் பிழையென்று தள்ளிவிடாதீர்கள்.

நேரம்: தரவுத்தளம் உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும், சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னே. ஏப்ரல் 5ஆம் தேதி காலை 7.40க்கு அனுப்பிய பதிவு உள்ளே ஏப்ரல் 4, இரவு 23.40. 'இன்று வந்தவை' என்று தேதியை அப்படியே வெட்டி எடுத்தால் நள்ளிரவு முதல் காலை 8 மணிவரை வந்தவை எல்லாம் முந்தைய நாளில் விழும். பதிவு மூடும் நாள் கணக்கில் இது சண்டையே கிளப்பும். நேர வலயத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப் வகையில் சேமித்து, அறிக்கை எடுக்கும்போது ஏஷியா/சிங்கப்பூர் வலயத்துக்கு மாற்றியபிறகே தேதியாக்குங்கள்.

வேறு கருவிகள்

ஸ்கிரிப்ட் படிக்க யாருமே இல்லாத அமைப்பில் ஸேப்பியர், மேக் போன்ற, நிரல் எழுதாமல் செயலிகளை இணைக்கும் சேவையை எடுத்துக்கொள்ளலாம். செயலுக்குச் செயல் கட்டணம் ஏறும் என்பதால், படிகளைக் குறைவாக வையுங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் பயன்படுத்துவோர், அதே நிறுவனத்தின் தானியக்கக் கருவியான பவர் ஆட்டோமேட்டில் 'புதிய பதில் வந்தபோது' என்ற டிரிகர் பதில் எண்ணை மட்டுமே தரும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். விடைகளைப் பெற 'பதில் விவரங்களை எடு' என்ற படியையும் சேர்க்கவேண்டும். எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தோடு இணைக்கும் கனெக்டர் அதில் பிரீமியம் வகை, உரிமம் தனி.

என்8என் எனக்குப் பிடித்த தானியக்கக் கருவி, சொந்த சர்வரில் வைக்கலாம். ஆனால் அதில் மூன்று இடங்களில் தடுக்கி விழுவார்கள். தரவை வாங்கும் வெப்ஹுக் நோடில் (நோட் என்பது ஒரு படி) சோதனை முகவரி, நிஜ முகவரி என இரண்டு இருக்கின்றன. சோதனை முகவரியைப் படிவத்தில் ஒட்டிவிட்டால் எடிட்டரில் கேட்கும் நிலையில் வைத்திருக்கும்வரை வேலைசெய்யும், பிறகு செய்யாது. நிஜ முகவரியோ, வொர்க்ஃப்ளோவை (படிகளின் தொடரை) இயக்கநிலைக்கு மாற்றினால்தான் உயிர்பெறும். அடுத்தது, வெப்ஹுக் 'உடனே பதிலளி' என்ற நிலையில் இருந்தால், தரவுத்தளத்தில் எழுதுவதற்கு முன்பே வெற்றிக்குறியான 200ஐ அனுப்பிவிடும். பின்னால் எழுதத் தவறினால் அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது, மறுமுயற்சியும் நடக்காது. கடைசி நோட் முடிந்தபின் பதிலளிக்கும்படி வையுங்கள். மூன்றாவது, எஸ்கியூஎல் வரிக்குள் விடையை நேராக ஒட்டாதீர்கள். பெயரில் ஓர் ஒற்றை மேற்கோள் குறி வந்தாலே வரி உடையும், தீய எண்ணத்தோடு எழுதப்பட்டது வந்தால் அட்டவணையே போகும். மதிப்புகளைத் தனியே பாராமீட்டராகக் கொடுங்கள்.

அரசாங்க அமைப்பில் பணிபுரிவோர் சிங்கப்பூர் அரசாங்கத்தின் படிவக் கருவியான ஃபார்ம்எஸ்ஜி பயன்படுத்துவார்கள். அதில் பதில்கள் மறையாக்கப்பட்டே சேமிக்கப்படுவதால் வெப்ஹுக்கில் வருவதும் மறையாக்கப்பட்டதே, படிவத்தின் ரகசியச் சாவியைக் கொண்டு நீங்கள்தான் திறக்கவேண்டும். அந்தச் சாவி தொலைந்தால் பதில்களைத் திறக்க வேறு வழி கிடையாது. ஒரே ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் வைத்திருக்காதீர்கள்.

கேட்கக்கூடாததும், வைத்திருக்கக்கூடாததும்

அடையாள அட்டை எண்ணைப் படிவத்தில் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. சட்டம் கோரினாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய தேவை இருந்தாலோ தவிர, தனியார் அமைப்புகள் முழு எண்ணைச் சேகரிக்கக்கூடாது. கதை சொல்லும் போட்டிக்கு அந்தத் தேவை கிடையாது. இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க அது வேண்டும் என்பார்கள், மாணவர் பெயரும் பெற்றோர் கைத்தொலைபேசி எண்ணும் சேர்ந்தால் அந்த வேலை நடக்கும். சேகரிக்காத எண் கசியாது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தரவு கசிந்தால் அதை ஆணையத்துக்கு அறிவித்தாக வேண்டும். அறிவிக்கவேண்டிய கசிவு என்று மதிப்பிட்டு முடிவுசெய்ததிலிருந்து 3 நாள்தான் அவகாசம்.

ஒப்புதல் கேள்விக்கு 'ஆம்' என்பதை மட்டும் சேமிப்பது போதாது. எந்த வாசகத்துக்கு ஒப்புக்கொண்டார் என்பதற்கு ஒரு பதிப்பு எண்ணும், நேரமும் சேர்ந்து நிற்கவேண்டும். அடுத்த ஆண்டு வாசகம் மாறும், பழைய ஒப்புதலை வைத்து அடுத்த ஆண்டு நிகழ்ச்சிக்குச் செய்தி அனுப்பலாமா என்ற கேள்விக்கு அந்த எண்தான் பதில் சொல்லும்.

திறப்பதற்கு முன் சோதனைப் பதிவுகள் அனுப்பிப் பாருங்கள்: டி/ஓ உள்ள ஒரு பெயர், மூன்று குறியீடாக எழுதிய 'கொ', பூஜ்யத்தில் தொடங்கும் அஞ்சல் குறியீடு, மலேசிய எண், இமோஜி உள்ள குறிப்பு, அதிகாலையில் அனுப்பிய ஒன்று. பிறகு சாவியை வேண்டுமென்றே தவறாக மாற்றி ஒன்று அனுப்பி, தோல்வி மின்னஞ்சல் வருகிறதா என்று பாருங்கள். சாவியைச் சரிசெய்து, அந்தப் பதிவை இரவுச் சுற்று தானாகக் கொண்டுவந்து சேர்க்கிறதா என்றும் பாருங்கள்.

நிகழ்ச்சி முடிந்து, தேவை தீர்ந்தபின் தரவை அழிக்கவேண்டும். பதிவு அட்டவணையை மட்டும் அழித்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். வரவு அட்டவணையின் ஜேசன்-பி பத்தியில் முழு விடையும் இருக்கிறது. கூகல் ஃபார்முக்குள் மூலப் பதில்கள் இருக்கின்றன, படிவத்தை மூடினாலும் அவை போவதில்லை. யாரோ இணைத்த ஷீட் ஒன்று இருக்கலாம், அதிலிருந்து யாரோ இறக்கிய சிஎஸ்வி வாட்ஸ்அப் குழுவில் இருக்கலாம். என்8என் வைத்திருந்தால் ஒவ்வோர் ஓட்டத்தின் முழுத் தரவும் அதன் ஓட்டப் பட்டியலில் தங்கும். இயல்பு அமைப்பில் 336 மணி நேரம், அதாவது 14 நாள் கழித்துத்தான் அது துப்புரவாகும், யாராவது அந்த அமைப்பை அணைத்திருந்தால் எப்போதும் ஆகாது. இந்த இடங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, அழிக்கும் தேதியையும் பொறுப்பாளரையும் குறித்து, படிவம் திறக்கும் நாளிலேயே செயலவைக் கோப்பில் வைத்துவிடுங்கள்.